புது வார்டில் முதல் வாரம்: "நீங்க புதுசா?" என்று நோயாளி கேட்டால் என்ன சொல்வது?

முதல்துளி:
எல்லோருக்கும் வணக்கம். படிப்பு முடிந்து பதிவும் கைக்கு வந்துவிட்டது. அடுத்த வாரம் பொது மருத்துவ வார்டில் ஸ்டாஃப் நர்ஸாகச் சேர்கிறேன். மாணவியாக வார்டுக்குப் போனபோது பின்னால் எப்போதும் யாராவது நின்றார்கள். இனி அப்படி இருக்காது. மருந்து, டிரஸ்ஸிங், சார்ட் எல்லாம் பழகப் பழக வந்துவிடும் என்று நம்புகிறேன். எனக்கு உறுத்தலாக இருப்பது அந்த முதல் பார்வைதான். கட்டிலருகே போய் நின்றதும் நோயாளி மேலும் கீழும் பார்ப்பாரே, "இந்தப் பொண்ணா எனக்கு ஊசி போடப் போகுது?" என்று. இன்சார்ஜ் சிஸ்டரும் முதல் ஷிப்டிலேயே நம்மை எடை போட்டுவிடுவார் என்கிறார்கள். நல்ல பெயரோடு தொடங்க என்ன செய்யலாம்? தலைப்பில் உள்ள கேள்விக்கும் பதில் வேண்டும்.

பழையசிஸ்டர்:
வாம்மா, வாழ்த்துகள். நான் இன்சார்ஜாக இருப்பவள், அதனால் எடை போடுகிற கட்சியிலிருந்து பேசுகிறேன்.

நோயாளி பார்ப்பார்தான். ஆனால் நீ நினைக்கிற அளவுக்கு உன் வயதில் அவருக்கு அக்கறை கிடையாது. வந்திருப்பது யார், என்ன செய்யப் போகிறார், வலிக்குமா, இவ்வளவுதான் அவர் மனதில் ஓடும். இதற்கு அவர் கேட்கும் முன்பே பதில் சொல்லிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

அதற்கும் முன்னால் கை. நோயாளியைத் தொடுவதற்கு முன் கையைச் சுத்தம் செய்ய வேண்டும் என்று எல்லோரும் படித்திருக்கிறோம்; உலக சுகாதார நிறுவனம் சொல்லும் ஐந்து தருணங்களில் முதலாவது அது. அதை அவர் கண்ணில் படும்படி செய். வெளியே தேய்த்துக்கொண்டு உள்ளே வந்தால் நீ தேய்த்தாயா இல்லையா என்று அவருக்கு எப்படித் தெரியும்? ஆல்கஹால் திரவம் என்றால் 20 முதல் 30 வினாடி தேய்க்க வேண்டும். அந்த நேரத்தில் சும்மா நிற்காமல் உன் பெயரைச் சொல்லிவிடலாம், அவர் முகத்தையும் பார்த்துவிடலாம். வலியில் முகம் சுளித்திருக்கிறதா, மூச்சு வாங்குகிறதா, டிரிப்ஸ் ஓடுகிறதா என்று அந்த இடைவெளியிலேயே பாதி தெரிந்துவிடும்.

நிற்கிற இடமும் முக்கியம். கட்டிலின் கால்மாட்டில் நின்று ஃபைலைப் பார்த்துக்கொண்டு பேசாதே. நைட்டிங்கேல் அம்மையார் இதை 1859-லேயே எழுதி வைத்திருக்கிறார்: நோயாளியிடம் பின்னாலிருந்தோ, கதவருகே நின்றோ பேசக்கூடாது, அவர் தலையைத் திருப்பாமலே உங்களைப் பார்க்கிற இடத்தில் உட்காருங்கள் என்று. நூற்றறுபது வருடம் கடந்தும் ரவுண்ட்ஸில் பாதிப் பேர் வாசலில் நின்றபடியே "எப்படி இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

நேர்கோடு:
எல்லோரும் அடிக்கப் போகிறீர்கள், பரவாயில்லை. இந்த "முதல் அபிப்பிராயம்" விவகாரம் தேவைக்கு மேல் பேசப்படுகிறது. சிரித்துப் பேசிவிட்டு ஐ.வி. ஆன்டிபயாட்டிக்கை ஒரு மணி நேரம் தாமதமாகப் போடுகிறவரை நான் பார்த்திருக்கிறேன். முகத்தில் ஈ ஆடாத ஒரு சிஸ்டர் இருந்தார், அவர் டியூட்டியில் எந்த நோயாளிக்கும் ஒரு குறை வந்ததில்லை. வேலை தெரிந்தால் பெயர் தானாக வரும். அடுத்த வாரம் சேரப் போகிறவர் அறிமுகப் பேச்சை மனப்பாடம் செய்வதற்குப் பதில் அந்த வார்டில் அதிகம் பயன்படும் மருந்துகளைப் படிக்கலாம்.

கட்டில்பதினொன்று:
நான் நர்ஸ் இல்லை. நீண்ட நாள் ஆஸ்பத்திரியில் படுத்துக் கிடந்தவன். நேர்கோடு அவர்களே, மருந்து நேரத்துக்கு வந்ததா என்பது உங்களுக்குத் தெரியும். எனக்கு எப்படித் தெரியும்? எந்த மருந்து எத்தனை மணிக்கு என்று என்னிடம் யாரும் சொன்னதில்லை. எனக்குத் தெரிந்த விஷயங்களை வைத்துத்தானே நான் எடை போட முடியும்?

எனக்குத் தெரிந்தவை இவைதான். தூங்கிக்கொண்டிருந்தபோது பெயர் சொல்லி எழுப்பினாரா, சட்டென்று கையைப் பிடித்து பி.பி. பட்டையைச் சுற்றினாரா. போர்வையை விலக்கும் முன் திரையை இழுத்தாரா. என்னைப் பற்றி இன்னொரு சிஸ்டரிடம் என் தலைக்கு மேலேயே பேசினாரா. கிசுகிசுப்பது அதைவிட மோசம். வாசலில் இரண்டு பேர் குரலைத் தாழ்த்திப் பேசினால் எனக்கு ஏதோ பெரிதாக வந்துவிட்டது என்றுதான் அன்றிரவு முழுக்க நினைத்துக்கொண்டிருப்பேன்.

எல்லாவற்றையும்விட "ரெண்டு நிமிஷத்துல வர்றேன்". இதைச் சொல்லாத நர்ஸ் கிடையாது. வந்தவர்கள் குறைவு. வேலை அதிகம் என்று எங்களுக்கும் தெரியும், கண்ணெதிரே ஓடுவதைப் பார்க்கிறோம். "இப்ப ஒரு புது அட்மிஷன் வருது, அரை மணி ஆகும், அதுக்குள்ள வலி கூடினா மணி அடிங்க" என்று ஒருவர் சொன்னார். சொன்னபடி வந்தார். அதற்குப் பிறகு அவர் கையால் எத்தனை ஊசி குத்தினாலும் நான் வாயே திறக்கவில்லை.

பழையசிஸ்டர்:
@கட்டில்பதினொன்று, உங்கள் கடைசிப் பத்தியை எங்கள் நர்சிங் ஸ்டேஷனில் ஒட்டலாம்.

@நேர்கோடு, மருந்து படிக்கச் சொன்னது சரிதான். ஆனால் நீங்கள் இரண்டையும் எதிரெதிரே நிறுத்துகிறீர்கள். நோயாளி நம்மிடம் சகஜமாகப் பேசினால்தானே "காலையிலிருந்து இடது கை கொஞ்சம் மரத்த மாதிரி இருக்கு" என்று சொல்வார்? முகத்தைப் பார்த்தே பயந்தால் "ஒண்ணுமில்ல சிஸ்டர்" என்றுதான் பதில் வரும். அந்த ஈ ஆடாத சிஸ்டருக்கு எத்தனை விஷயம் சொல்லப்படாமல் போயிருக்கும் என்று யாருக்குத் தெரியும்?

நேர்கோடு:
சரி, அதில் ஒரு நியாயம் இருக்கிறது. ஆனால் நேரம்? ஒரு ஷிப்டில் எத்தனை பேரிடம் உட்கார்ந்து பேசுவது?

ஐசியூவாசி:
உட்கார்ந்தால் நேரம் அதிகமாகும் என்பது நமக்கு இருக்கும் எண்ணம். 2012-இல் அமெரிக்காவில் கேன்சஸ் பல்கலைக்கழக மருத்துவமனையில் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். அறுவை முடிந்த நோயாளிகளை மருத்துவர் சிலரிடம் நின்றபடியும் சிலரிடம் உட்கார்ந்தும் விசாரித்தார். இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே நேரம்தான் ஆனது. ஆனால் உட்கார்ந்து பேசியவர் அதிக நேரம் இருந்ததாக நோயாளிகள் சொன்னார்கள். அது மருத்துவரை வைத்துச் செய்த சின்ன ஆய்வுதான், ஆனாலும் வார்டில் நான் பார்ப்பதும் அதுவே. நாற்காலி இல்லையா, நோயாளியின் கண் மட்டத்துக்குக் குனியலாம். நோயாளி கட்டிலில் மட்டும் உட்காராதீர்கள். தொற்றுத் தடுப்பு ஆட்கள் விட மாட்டார்கள், அது அவருடைய இடமும்கூட.

பெயர் சொல்வது பற்றியும் ஒன்று. கேட் கிரேஞ்சர் என்ற பிரிட்டிஷ் மருத்துவரைப் பலருக்குத் தெரிந்திருக்கும். முதியோர் மருத்துவத்தில் இருந்தவர், அவருக்கே புற்றுநோய். 2013-இல் நோயாளியாகப் படுத்திருந்தபோது, தன்னைக் கவனிக்க வருகிறவர்களில் பலர் பெயர்கூடச் சொல்வதில்லை என்று கவனித்தார். "வணக்கம், என் பெயர்..." என்ற ஒரு வரியை வைத்தே பெரிய இயக்கம் தொடங்கினார். 2016-இல் இறந்துவிட்டார், ஆனால் அந்த வரியைப் பட்டையில் அச்சிட்டு அணிகிறவர்கள் இன்றும் உண்டு. இத்தனைக்கும் அவர் கேட்டது ஒரு பெயர்தான்.

எங்கள் பிரிவில் வென்டிலேட்டரில், மயக்க மருந்தில் இருப்பவர்களிடமும் பெயர் சொல்லித்தான் தொடுவோம். "இப்ப வலப்பக்கம் திருப்பப் போறோம்", "சளி உறிஞ்சப் போறோம், இருமல் வரும்" என்று சொல்லிவிட்டே செய்வோம். அவருக்குக் கேட்கிறதா என்று தெரியாது, கேட்கக் கூடும் என்று வைத்துக்கொள்வதில் நஷ்டமில்லை. கண்ணாடிக்கு அப்பால் நிற்கும் குடும்பத்தாருக்கு அதுதான் நம்மைப் பற்றிய முதல் அபிப்பிராயம் என்பது தனி.

முதல்துளி:
இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை. நன்றி. ஒரு சந்தேகம். ஒவ்வொரு மருந்துக்கும் முன்னால் பெயரையும் இன்னொரு அடையாளத்தையும் கேட்டுச் சரிபார்க்க வேண்டும். காலையில் அரை மணி நேரம் பேசிய அதே ஆளிடம் மதியம் போய் "உங்க பேர் என்ன?" என்று கேட்டால், "இவளுக்கு என்னை ஞாபகமே இல்லையா" என்று தோன்றாதா?

பழையசிஸ்டர்:
தோன்றும். அதனால்தான் சிலர் "நீங்கதானே இன்னார்?" என்று கேட்டுவிடுகிறார்கள். அதுதான் ஆபத்து. அரைத் தூக்கத்தில் இருப்பவர், காது சரியாகக் கேட்காதவர், பயந்தவர் எல்லோரும் எதற்கும் "ஆமா" என்பார்கள். பெயரை அவர் வாயால் வரவழைக்க வேண்டும், பிறகு கைப்பட்டையோடு ஒப்பிட வேண்டும். அவர் சொல்லும் நிலையில் இல்லையென்றால் பட்டையும் கேஸ் ஷீட்டும்தான்.

முதல் தடவையே காரணத்தைச் சொல்லிவிடு: "உங்களை எனக்குத் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு மருந்துக்கும் முன்னாடி பேரும் பிறந்த தேதியும் கேட்பேன். தப்பான ஆளுக்குப் போயிடக் கூடாதுன்னுதான்." அப்புறம் நீ கேட்காவிட்டால் அவரே ஞாபகப்படுத்துவார், பாரேன். எரிச்சலூட்டும் என்று நீ பயந்த விஷயமே உன்மேல் நம்பிக்கை வரக் காரணமாகிவிடும்.

இரவுஷிப்ட்:
ஆண் நர்ஸ். எங்கள் நிலைமை கொஞ்சம் வேறு, அதைச் சொல்லிவிடுகிறேன். நான் உள்ளே நுழைந்ததும் பாதிப் பேர் "டாக்டர்" என்று கூப்பிடுவார்கள், மீதிப் பேர் "சிஸ்டர் எப்ப வருவாங்க?" என்பார்கள். இரண்டையும் உடனே திருத்திவிட வேண்டும். "நான் டாக்டர் இல்லைங்க, இன்னிக்கு ராத்திரி உங்களைப் பார்த்துக்கிற நர்ஸ்." டாக்டர் என்ற தவறான எண்ணத்தை வசதிக்காக விட்டுவைத்தால், காலையில் "ராத்திரி வந்த டாக்டர் இப்படிச் சொன்னாரே" என்று ஒரு பஞ்சாயத்து வரும்.

பெண் நோயாளிகளுக்கு ஈ.சி.ஜி. எடுப்பது, சிறுநீர்க் குழாய் போடுவது, உடம்பு துடைப்பது என்றால் முதலில் கேட்பேன்: "இதை நான் செய்யலாமா, பெண் சிஸ்டர் வேணுமா?" வேண்டும் என்றால் முகம் மாறாமல் "சரிங்க" என்று போய்க் கூப்பிடுவேன். சம்மதித்தாலும் கூட ஒரு பெண் ஊழியர் இருக்கும்படி பார்த்துக்கொள்வேன், தேவையான இடம் தவிர மற்றதை மூடித்தான் வைப்பேன். ஆரம்பத்தில் இந்த மறுப்பு என்னைக் கொஞ்சம் கசப்பாக்கியது உண்மை. இப்போது, மறுக்க வாய்ப்புக் கொடுத்ததே நல்ல பெயர் வாங்கித் தருகிறது என்று தெரிகிறது. அதே அம்மா அடுத்த நாள் ராத்திரி பி.பி. பார்க்க என்னைத்தான் தேடினார்.

இன்னொன்று, "எல்லாவற்றையும் முன்கூட்டிச் சொல்லிவிடு" என்ற விதிக்கு ஒரு விலக்கு உண்டு: மூச்சு எண்ணுவது. "மூச்சை எண்ணப் போறேன்" என்றால் யாரும் சாதாரணமாக மூச்சு விட மாட்டார்கள். நாடி பார்த்த கையை அப்படியே பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனித்து எண்ணுங்கள். ஒழுங்கற்ற மூச்சாக இருந்தால் முழு நிமிடம். எண்ணாமலே வரிசையாக எல்லோருக்கும் 20 என்று எழுதி வைத்திருக்கும் சார்ட்டைப் பார்த்தால் எந்த இன்சார்ஜுக்கும் அந்த நர்ஸைப் பற்றி ஓர் அபிப்பிராயம் உடனே வந்துவிடும்.

தையல்நூல்:
தலைப்புக் கேள்விக்கு இன்னும் யாரும் வரவில்லையே. என் கருத்து: நோயாளியிடம் புதுசு என்று சொல்லவே கூடாது. அவரே பயத்தில் இருக்கிறார். நம் பதற்றத்தையும் சேர்த்து அவர் தலையில் ஏற்றுவானேன்? தைரியமாக இருப்பதுபோல் நடந்துகொண்டால் தைரியம் தானாக வரும்.

கட்டில்பதினொன்று:
எங்களுக்குத் தெரிந்துவிடும். கை நடுங்குகிறதே!

இரவுஷிப்ட்:
நானும் தையல்நூல் சொல்வதை முழுக்க ஏற்கவில்லை. நேராகக் கேட்டால் பொய் சொல்லக் கூடாது. "பல வருஷமா இருக்கேன்" என்று சொல்லிவிட்டு, அடுத்த கட்டில்காரரிடம் வேறொரு சிஸ்டர் "இந்தப் பொண்ணு போன வாரம்தான் சேர்ந்துச்சு" என்றால் முடிந்தது. வார்டில் நோயாளிகள் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்வார்கள், நமக்குத் தெரியாததெல்லாம் அவர்களுக்குத் தெரியும்.

தையல்நூல்:
பொய் சொல்லச் சொல்லவில்லை. தானாகப் போய் அறிவிக்காதே என்கிறேன். "சாரி, நான் புதுசு, தப்பா நினைச்சுக்காதீங்க" என்று கட்டிலுக்குக் கட்டில் சொல்லிக்கொண்டு போகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். அது மன்னிப்பை முன்பணமாகக் கேட்பது மாதிரி.

பழையசிஸ்டர்:
இங்கே இரண்டு பேரும் ஏறக்குறைய ஒரே இடத்துக்கு வந்துவிட்டீர்கள். நான் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்வது இது. கேட்காதவரிடம் அறிவிக்க வேண்டாம். கேட்டால் உண்மையைச் சொல், ஆனால் அங்கேயே நிறுத்திவிடாதே. "ஆமாங்க, இந்த வார்டுக்குப் புதுசு. இந்த வேலைக்குப் பயிற்சி எடுத்திருக்கேன், சந்தேகம் வந்தா உள்ளே சீனியர் சிஸ்டர் இருக்காங்க, கேட்டுட்டுத்தான் செய்வேன்." நோயாளிக்கு வேண்டியது அந்த இரண்டாவது வாக்கியம்தான். புதியவரைப் பார்த்து அவர் பயப்படவில்லை, தெரியாததைத் தெரிந்ததுபோல் செய்பவரைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்.

கேனுலா, அதாவது டிரிப்ஸ் ஏற்ற நரம்பில் வைக்கும் சின்னக் குழாய், போடும்போது இது அப்படியே பொருந்தும். நரம்பு கிடைக்கவில்லையென்றால் நோண்டிக்கொண்டே இருக்காதே. ஒருவர் இரண்டு முறைக்கு மேல் குத்தக் கூடாது என்று பல இடங்களில் வைத்திருக்கிறார்கள். "உங்க நரம்பு கொஞ்சம் ஆழமா இருக்கு, இன்னொருத்தரைக் கூப்பிடுறேன்" என்று எழுந்து வா. கூப்பிடப் போனதற்காக எந்த நோயாளியும் என்னிடம் புகார் சொன்னதில்லை. நாலாவது முறை குத்தியதற்கு வந்திருக்கிறது.

அமெரிக்க நர்சிங் அறிஞர் பெட்ரிசியா பென்னர் 1984-இல் நர்ஸின் வளர்ச்சியை ஐந்து படிகளாகப் பிரித்தார். அதில் மூன்றாவது படியான "தகுதி பெற்றவர்" என்ற நிலைக்கே ஒரே மாதிரியான வேலையில் இரண்டு மூன்று வருடம் ஆகும் என்கிறார். முதல் வாரத்தில் ஐந்தாம் படியில் நிற்பதுபோல் நடிக்கச் சொல்லி உன்னை யாரும் கேட்கவில்லை, இன்சார்ஜும் கேட்கமாட்டார்.

முதல்துளி:
இது பெரிய நிம்மதி அக்கா. அப்போ இன்சார்ஜ் என்னதான் பார்ப்பார்?

பழையசிஸ்டர்:
நான் பார்ப்பதைச் சொல்கிறேன், எல்லா வார்டுக்கும் பொருந்துமா என்பது வேறு.

ஷிப்ட் மாறும்போது நோயாளிகளைப் பற்றிச் சொல்லி ஒப்படைக்கும் ஹேண்ட் ஓவரில் கையில் பேனாவும் காகிதமும் இருக்கிறதா. எதை எழுதுகிறாள், எல்லாவற்றையும் எழுதுகிறவள் எதையும் கேட்டிருக்க மாட்டாள். முடிந்ததும் ஒரு கேள்வியாவது கேட்கிறாளா. சும்மா இருக்கும் பத்து நிமிடத்தில் எமர்ஜென்சி ட்ராலியைத் திறந்து எது எங்கே என்று பார்க்கிறாளா, மொபைலைப் பார்க்கிறாளா. ஆக்ஸிஜன், சக்ஷன், அலாரம் பொத்தான் எங்கே என்று முதல் நாளே கேட்டு வைத்துக்கொள், தேவைப்படும்போது கேட்க நேரம் இருக்காது.

நகமும் மோதிரமும் கண்ணில் படும். ஒட்டு நகம் கூடவே கூடாது, அழகுக்காகச் சொல்லவில்லை, அதன் அடியில் கிருமி தங்கும். முடி முகத்தில் விழாமல், பெயர்ப் பட்டை திரும்பிக்கொள்ளாமல். இதற்கு மேல் உடையைப் பற்றிப் பேச ஒன்றுமில்லை.

இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் மாதிரி அளவு தவறினால் ஆபத்தாகிவிடும் மருந்துகளை எடுக்கும்போது "சிஸ்டர், கொஞ்சம் கூட இருந்து பாருங்க" என்று கேட்கிறாளா என்று நிச்சயம் பார்ப்பேன். கேட்கும் புதுப் பெண்ணை விட்டுவிட்டு நான் நிம்மதியாகச் சாப்பிடப் போவேன். கேட்காதவள் இருந்தால் போக மாட்டேன்.

தவிர்க்க வேண்டிய ஒரே வாக்கியம், "எங்க காலேஜ்ல இப்படிச் செய்ய மாட்டோம்". நீ சொல்வது சரியாகவே இருக்கலாம். "இதை இப்படிச் செய்யக் காரணம் என்ன சிஸ்டர்?" என்று கேட்டால் பதிலும் வரும், தேவைப்பட்டால் மாற்றமும் வரும். ஆனால் நோயாளிக்கு ஆபத்து என்று தெரிந்தால் மரியாதை பார்க்காமல் அங்கேயே நிறுத்திக் கேள், அதற்கு முதல் நாள் என்ன, முதல் நிமிடம் என்ன.

வார்டு உதவியாளர்களின் பெயரைத் தெரிந்துகொள். எந்த டாக்டர் எப்போது வருவார், எந்த வீல்சேர் சக்கரம் சிக்கும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்.

நேர்கோடு:
என் பங்குக்கு உபயோகமாக ஒன்று. டாக்டருக்கு முதல் தடவை போன் செய்வதுதான் புது நர்ஸுக்குப் பெரிய பரீட்சை. "டாக்டர், பேஷண்டுக்கு ஒரு மாதிரியா இருக்கு" என்று தொடங்கினால் அந்த அபிப்பிராயம் மாறவே மாதங்கள் ஆகும். எஸ்பிஏஆர் (SBAR) வரிசையில் சொல்லுங்கள்: இப்போது என்ன நடக்கிறது, பின்னணி என்ன, நான் என்ன நினைக்கிறேன், உங்களிடம் என்ன வேண்டும். அமெரிக்கக் கடற்படையின் நீர்மூழ்கிக் கப்பல்களில் இருந்து மருத்துவத்துக்கு வந்த முறை இது, சுருக்கமாகவும் தெளிவாகவும் பேசியே ஆக வேண்டிய இடம்.

உதாரணமாக: "வார்டு நர்ஸ் பேசுகிறேன். ஏழாம் கட்டில், வயது 62, நிமோனியா, நேற்று சேர்ந்தவர். மூச்சு 18-லிருந்து 28 ஆகியிருக்கிறது, ஆக்ஸிஜன் அளவு 89, பி.பி. 100-க்கு 60. நிலைமை மோசமாகிறது என்று நினைக்கிறேன். நீங்கள் இப்போதே வந்து பார்க்க வேண்டும்." கடைசி வாக்கியத்தைத்தான் எல்லோரும் விழுங்கிவிடுகிறார்கள். சார்ட்டைக் கையில் வைத்துக்கொண்டு போனை எடுங்கள். அவர் போனில் மருந்து சொன்னால் எழுதி, எழுதியதைத் திருப்பி வாசித்து, சரி என்று அவர் சொன்ன பிறகு வையுங்கள். 15-ஆ 50-ஆ என்று போனில் காது ஏமாற்றும்.

முதல்துளி:
எல்லோருக்கும் நன்றி. கட்டிலருகே சொல்ல ஒன்று எழுதி வைத்திருக்கிறேன், திருத்துங்கள்:

"வணக்கம், என் பெயர் ... இன்று மதியம் இரண்டு மணி வரை உங்களைக் கவனித்துக்கொள்ளப் போகும் நர்ஸ் நான்தான். உங்களை எப்படிக் கூப்பிடட்டும்? இப்போது பி.பி.யும் காய்ச்சலும் பார்க்கப் போகிறேன், வலிக்காது. பயப்படாதீர்கள், எல்லாம் சரியாகிவிடும். அரை மணியில் மருந்தோடு வருகிறேன்."

கட்டில்பதினொன்று:
"எல்லாம் சரியாகிவிடும்" வேண்டாம். என்ன வியாதி என்று முழுதாகத் தெரியுமுன் அதைச் சொன்னால் இவர் எல்லோரிடமும் இதையேதான் சொல்கிறார் என்று புரிந்துவிடும். அந்த இடத்தில் "இப்ப உங்களுக்கு எது ரொம்பத் தொந்தரவா இருக்கு?" என்று கேளுங்கள். கேட்டுவிட்டுப் பதில் வரும்வரை நில்லுங்கள்.

பழையசிஸ்டர்:
"எப்படிக் கூப்பிடட்டும்" நல்ல கேள்வி. "வலிக்காது" பி.பி.க்குச் சரி, ஊசிக்கு அதைச் சொல்லாதே, "சுருக்குன்னு இருக்கும்" என்று சொல். அரை மணி என்பதை முக்கால் மணி ஆக்கு, முதல் நாள் நீ நினைப்பதைவிட மெதுவாகத்தான் ஓடுவாய். கிளம்பும் முன் அழைப்பு மணியும் தண்ணீரும் அவர் கைக்கு எட்டுகிறதா என்று பார். மற்றதெல்லாம் அப்படியே இருக்கட்டும்.